நீச்சல் குளத்தில் ஆசிட், ஃபினைல், பிளீச்சிங் பவுடர் சிந்திவிட்டால்: முதல் நிமிடம் முதல் மறுபடி திறக்கும் வரை

அடுக்குமாடிக் குடியிருப்போ, ரிசார்ட்டோ, பண்ணை வீடோ, நீச்சல் குளம் இருக்கிற இடத்தில் அதைச் சுற்றி ஏதாவது ஒரு கிளீனிங் வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். டைல்ஸில் உப்புக் கறை படிந்தால் ஆசிட், நடைபாதையில் பாசி பிடித்தால் பிளீச்சிங் பவுடர், பக்கத்து டாய்லெட்டுக்கு ஃபினைல். இதில் ஒன்று கைதவறித் தண்ணீரில் விழுவது அபூர்வமே இல்லை. விழுந்த பிறகு சிலர் "இவ்வளவு தண்ணீரில் இது என்ன செய்யும்" என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். சிலர் பதறிப்போய், முதலில் விழுந்ததை முறிக்கும் என்று நினைத்து வேறொன்றை எடுத்துக் கொட்டுகிறார்கள். ஆளை மருத்துவமனைக்கு அனுப்புவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கொட்டல்தான்.

ஆசிட் விழுந்தது என்று பிளீச்சிங் பவுடரைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். குளோரின் அதிகமானது என்று ஆசிட்டை ஊற்றினாலும் அதே வாயுதான். அமெரிக்காவில் நீச்சல் குள ரசாயனங்களால் பாதிக்கப்பட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்கள் ஆண்டுக்குச் சுமார் 4,500 பேர் என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2019-இல் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. அவர்களில் அதிகம் பேருக்கு வந்தது வாயுவைச் சுவாசித்ததால் ஏற்பட்ட பாதிப்பு. ஆகவே எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், முதல் ஒரு மணி நேரத்துக்குக் குளத்தில் யாரும் எதையும் புதிதாகப் போடக் கூடாது. கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் இதுதான் அடிப்படை.

படி 1: ஆட்களை வெளியேற்றுங்கள்

கொட்டியது என்ன, எவ்வளவு என்று ஆராய்ச்சி செய்வதற்கு முன்பே எல்லோரும் தண்ணீரை விட்டு வெளியே வர வேண்டும். கொட்டிய இடத்துக்கு எதிர்ப்பக்கப் படிக்கட்டு வழியாக வரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஏணி இருக்கிறதே என்று அந்த வழியாகவே இறங்கி ஏறினால், அடர்த்தியாக இருக்கும் திரவத்தைக் கலக்கிக்கொண்டு வருவார்கள். குழந்தைகள் குளம் தனியாக இருந்தாலும் அங்கே இருப்பவர்களையும் எழுப்புங்கள். பல குடியிருப்புகளில் இரண்டுக்கும் ஒரே பம்ப், ஒரே ஃபில்டர்தான்.

மூக்கைத் துளைக்கும் நெடி வந்தாலோ கண் எரிந்தாலோ இருமல் தொடங்கினாலோ, காற்று வரும் திசையை நோக்கி, மேட்டுப் பக்கமாகப் போக வேண்டும். குளோரின் வாயு காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது. மேலே எழாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். சின்னக் குழந்தையின் மூக்கு இருக்கும் உயரம்தான் அதற்கு வாகான இடம். அதனால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நகருங்கள்.

பம்ப் ரூமுக்குள் கொட்டியிருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. நம் ஊர்க் குடியிருப்புகளில் பம்ப் ரூம் பெரும்பாலும் தரைமட்டத்துக்குக் கீழே, ஒரே ஒரு கதவோடு இருக்கும். உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தால் இன்னொருவர் துணியால் மூக்கை மூடிக்கொண்டு ஓடக் கூடாது. ஈரத்துணியும் தூசி மாஸ்க்கும் குளோரினைத் தடுக்காது. தீயணைப்பு மீட்புப் பணிக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. இந்த இரண்டு எண்களையும் பம்ப் ரூம் கதவின் வெளிப்பக்கத்தில் பெயின்டால் எழுதி வைப்பது நல்லது.

படி 2: உடம்பில் பட்டிருந்தால் தண்ணீர், தண்ணீர், மேலும் தண்ணீர்

கண்ணில் தெறித்திருந்தால் ஒரு நொடிகூடத் தாமதிக்க வேண்டாம். பக்கத்தில் ஷவரோ குழாயோ எது இருக்கிறதோ அங்கே போய் மெல்லிய ஓட்டத்தில் கழுவுங்கள். தலையைச் சாய்த்து, பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி வைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓட வேண்டும். அப்போதுதான் கழுவிய தண்ணீர் நல்ல கண்ணுக்குப் போகாது. இமையை விரலால் பிரித்துப் பிடிக்க இன்னொருவர் உதவ வேண்டியிருக்கும். எரிச்சலில் யாராலும் தானாகக் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாது. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால், கழுவிக்கொண்டே எளிதாக வந்தால் எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம்? குறைந்தது 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்துவிட்டது என்று நிறுத்துகிற பழக்கம்தான் நம்மிடம் அதிகம். ஆசிட்டைவிடக் காரப் பொருள்கள் கண்ணுக்கு மோசமானவை. அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடா, பிளீச்சிங் பவுடரில் இருக்கும் சுண்ணாம்பு ஆகியவை மேல்தோலோடு நிற்காமல் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். இவை பட்டிருந்தால் அரை மணி நேரம் கழுவினாலும் அதிகம் இல்லை. கழுவிய பிறகு கண் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

கண்ணில் தாய்ப்பால், பன்னீர், விளக்கெண்ணெய் எதுவும் விடக் கூடாது. தோலில் பட்டால் மஞ்சள், மாவு, டூத்பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம். ஆசிட் பட்ட இடத்தில் சோடா மாவைத் தேய்ப்பதும் தவறு. முறிவு நடக்கும்போது வரும் சூடு புண்ணை அதிகமாக்கும். நீச்சல் உடையையும் நகைகளையும் கழற்றிவிட்டு 15 முதல் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் நில்லுங்கள். உலர்ந்த பவுடர் பட்டிருந்தால் முதலில் தட்டிவிட்டு, பிறகு நிறையத் தண்ணீர். குளத்துத் தண்ணீரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது தொண்டையைச் சுட்டது, வெளியே வரும்போது மறுபடி சுடும். வாயைக் கொப்பளிக்க வைத்து, பாட்டிலோடு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். வாயுவைச் சுவாசித்தவர் உட்கார்ந்த நிலையில் இருக்கட்டும், படுக்க வைக்க வேண்டாம். அவர் "இப்ப பரவாயில்லை" என்று சொன்னாலும் அன்று முழுக்க கவனியுங்கள். நுரையீரலில் நீர் கோர்ப்பது பல மணி நேரம் கழித்தும் தெரியவரலாம். ஆஸ்துமா உள்ளவர்களையும் குழந்தைகளையும் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுவதே சரி.

படி 3: முதலில் டோஸிங் பம்ப், அப்புறம் மெயின் பம்ப்

ஆட்கள் பத்திரமாக வெளியே வந்தாயிற்று என்றால் பம்ப் ரூம் பக்கம் வரலாம். அங்கே நெடி இல்லை என்பது உறுதியானால் மட்டும்.

குளோரினையும் ஆசிட்டையும் தானாகச் செலுத்தும் டோஸிங் பம்ப் இருந்தால் அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். மெயின் பம்ப் நின்று, டோஸிங் பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் நகராத தண்ணீர் நிற்கும் பைப்புக்குள் குளோரினும் ஆசிட்டும் அருகருகே சேர்ந்துகொள்ளும். மறுபடி பம்பைப் போட்டதும் அந்தக் கலவையும் அதில் உண்டான வாயுவும் ஒரே வீச்சில் குளத்துக்குள் வரும். தண்ணீரில் நின்றவர்கள் கூட்டமாகப் பாதிக்கப்பட்ட விபத்துகள் இப்படி நடந்திருக்கின்றன. பம்பை மறுபடி ஓட விடும்போது தண்ணீரில் ஒருவர்கூட இருக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

மெயின் பம்பை நிறுத்துவதா, ஓட விடுவதா என்பது கொட்டியதைப் பொறுத்தது. ஆசிட், திரவ குளோரின் போலத் தண்ணீரில் கரைவது என்றால் ஓடட்டும், நன்றாகக் கலக்கும். ஃபினைல், சோப்பு, டீசல், பூச்சிமருந்து என்றால் உடனே நிறுத்துங்கள். ஃபில்டர் மணலில் எண்ணெய்ப் பொருள் ஏறிவிட்டால் குளத்தைச் சுத்தம் செய்த பிறகும் பல நாள் அது கசிந்துகொண்டே இருக்கும்.

ஓவர்ஃப்ளோ வகைக் குளத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விளிம்பைச் சுற்றிப் போகும் அந்தக் கிரில் போட்ட கால்வாய் சாக்கடைக்குப் போவதில்லை, பேலன்சிங் டேங்குக்குப் போகிறது. அங்கிருந்து மறுபடி குளத்துக்கே வருகிறது. நடைபாதையில் கொட்டிய ஆசிட்டைப் பைப் போட்டு அடித்துக் கழுவினால், அது நேராகப் போய்ச் சேரும் இடம் அந்த டேங்க். எனவே நடைபாதையில் கொட்டியிருந்தால் முதலில் கால்வாய் ஓரமாக உலர்ந்த மணலைப் போட்டு அணை கட்டுங்கள். கால்வாய்க்குள் ஏற்கெனவே போய்விட்டது என்றால் பம்பை நிறுத்தி, டேங்கை மட்டும் தனியாக வடித்துவிடலாம். முழுக் குளத்தையும் காப்பாற்றும் வேலை இது.

உலர்ந்த குளோரின் பவுடர் நடைபாதையில் கொட்டினால் மட்டும் மணலும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த பிளாஸ்டிக் முறத்தால் அள்ளித் தனி வாளியில் போடுங்கள். இலை, எண்ணெய்த் துணி, காகிதம் கிடக்கிற குப்பைத் தொட்டியில் போட்டால் தீப்பிடிக்கும். பழைய டின்னுக்குள் திரும்பக் கொட்டுவதும் கூடாது.

படி 4: என்ன, எவ்வளவு, எத்தனை லிட்டரில்

இப்போது பாட்டிலைக் கையில் எடுங்கள், லேபிளைப் படியுங்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கும் அதுதான் உதவும். சாதாரணமாகக் கிடைப்பவற்றில், டாய்லெட் கழுவும் திரவங்களில் சுமார் 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இருக்கும். கடையில் விற்கும் அடர் ஆசிட்டில் அது 30 சதவீதத்தைத் தொடும். குளங்களுக்கு வாங்கும் திரவ குளோரின் 10 முதல் 12 சதவீதம், பிளீச்சிங் பவுடரில் குளோரின் மூன்றில் ஒரு பங்கு, குளோரின் மாத்திரையில் 90 சதவீதம்.

அடுத்தது குளத்தின் கொள்ளளவு. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 1,000-ஆல் பெருக்கினால் லிட்டர். 20 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் ஆழம் என்றால் 2,08,000 லிட்டர். அதன் பக்கத்தில் 4 மீட்டருக்கு 3 மீட்டர், 40 சென்டிமீட்டர் ஆழமுள்ள குழந்தைகள் குளம் 4,800 லிட்டர்தான்.

10 சதவீத குளோரின் திரவம் ஒரு லிட்டர் கொட்டியது என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 100 கிராம் குளோரின். ஒரு பிபிஎம் என்பது 1,000 லிட்டருக்கு ஒரு கிராம். பெரிய குளத்தில் முழுக்கக் கலந்த பிறகு அரை பிபிஎம்கூட ஏறாது. குழந்தைகள் குளத்தில் அதே ஒரு லிட்டர் 20 பிபிஎம்மைத் தாண்டும்; வழக்கமாக இருக்க வேண்டியது 1 முதல் 3 வரைதான். அடர் ஆசிட்டும் அப்படியே. ஒரு லிட்டர் விழுந்தால் பெரிய குளத்தின் காரத்தன்மை (ஆசிட்டைத் தாங்கிக்கொள்ளும் சக்தி) இரண்டு மூன்று பிபிஎம் குறையும், அவ்வளவுதான். சின்னக் குளத்திலோ 100 பிபிஎம் காரத்தன்மை மொத்தமும் காலியாகி, தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் எண் தடாலென்று விழும்.

"கொஞ்சம்தான் சிந்தியது" என்ற பேச்சுக்கு இந்தக் கணக்குப் போடாமல் அர்த்தம் கிடையாது. இன்னொன்று, இந்த எண்கள் எல்லாம் முழுக்கக் கலந்த பிறகு வருபவை. அடர் ஆசிட் தண்ணீரைவிடக் கனம். கலக்கும் வரை அடியில், விழுந்த இடத்திலேயே கிடந்து டைல்ஸ் இடுக்குகளை அரிக்கும். பெரிய குளம் என்றாலும் அந்த இடத்தில் கால் வைப்பவருக்கு அது சின்னக் குளம்தான்.

படி 5: டெஸ்ட் கிட்டை நம்புவதற்கு முன்

குளோரினையும் பிஹெச்சையும் தேவையில்லாமல் ஏற்றி இறக்குகிற தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. தண்ணீர் மாதிரியை மேற்பரப்பில் மொண்டு எடுக்காதீர்கள். கையுறை போட்டு, முழங்கை ஆழத்தில், தண்ணீர் உள்ளே வரும் துவாரத்தை விட்டுத் தள்ளி எடுங்கள். கொட்டிய இடத்துக்கு அருகில் ஒன்று, ஆழமான பக்கத்தில் ஒன்று, ஆழமில்லாத பக்கத்தில் ஒன்று.

குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி கிட்டில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. குளோரின் மிக அதிகமானால் அந்த நிறத்தையே அது வெளுத்துவிடும். சொட்டு மருந்து விட்டதும் ஒரு கணம் சிவப்பு மின்னி மறையும், குழாயில் தெளிந்த தண்ணீர் நிற்கும். பார்ப்பவர் "குளோரினே இல்லை" என்று முடிவு செய்து இன்னும் அள்ளிப் போடுவார். பிஹெச் பார்க்கும் ஃபீனால் ரெட்டும் அதிக குளோரினில் ஊதா நிறமாகிப் பிஹெச் உயர்ந்துவிட்டதாகக் காட்டும். அதை நம்பி ஆசிட் ஊற்றுவார்கள். சந்தேகம் வந்தால் ஒரு பங்கு குளத்துத் தண்ணீரோடு நான்கு பங்கு ஆர்ஓ தண்ணீர் கலந்து மறுபடி சோதியுங்கள். குளோரினுக்கு வந்த எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். பிஹெச்சுக்கு இந்த வழி சரிப்படாது, குளோரின் இறங்கும் வரை காத்திருங்கள்.

படி 6: கொட்டியதற்கு ஏற்ற வைத்தியம்

ஆசிட் என்றால், பம்ப் நன்றாக ஓடிக் கலந்த பிறகு அளந்து பாருங்கள். பிஹெச் 7.2-க்குக் கீழே இருந்தால், காரத்தன்மையும் 80 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால், சமையல் சோடா போதும். 1,000 லிட்டருக்கு 17 கிராம் போட்டால் காரத்தன்மை சுமார் 10 பிபிஎம் ஏறும். தேவையான அளவில் பாதியை வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றி, சில மணி நேரம் ஓடவிட்டு, மறுபடி அளந்து மீதியைப் போடுங்கள். வாளியில் எப்போதும் முதலில் தண்ணீர், அதில் ரசாயனம். மாற்றிச் செய்தால் முகத்தில் தெறிக்கும்.

குளோரின் அதிகமானால் பெரும்பாலும் வெயிலே பார்த்துக்கொள்ளும். ஸ்டெபிலைசர் (வெயிலில் குளோரின் சீக்கிரம் அழியாமல் காக்கும் பொருள்) போடாத குளத்தில், நல்ல வெயிலில், ஒரு மணி நேரத்துக்குள்ளேயே குளோரின் பாதியாகிவிடும். நிழற்கூரையை விலக்கிவிட்டு, ஒரு பகல் காத்திருப்பது எந்த மருந்தையும்விட மேல். அவசரம் என்றால் சோடியம் தையோசல்பேட் உண்டு. மீன்தொட்டிக்காரர்கள் குளோரினைப் போக்கப் போடும் அதே படிகம். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அளந்துகொண்டே போக வேண்டும், அளவு மிஞ்சினால் அப்புறம் நாள் கணக்கில் குளோரின் நிற்காது. அடியில் கரையாமல் கிடக்கும் பவுடரை வெளியே நின்றபடி நீளக் கம்புப் பிரஷால் கலைத்துவிடுங்கள். மாத்திரை விழுந்திருந்தால் வலையால் எடுங்கள். ஈரமான மாத்திரையை டின்னில் மூடி வைத்தால் வாயு சேர்ந்து டின் வெடிக்கலாம்.

சோப்பு, தரை துடைக்கும் திரவம் என்றால் நுரைதான் தொல்லை. நுரையை வலையாலும் வாளியாலும் அள்ளி எடுத்து, குளத்தில் ஒரு பங்கைப் புதுத் தண்ணீராக மாற்றுவதே வழி. குளோரினைக் கூட்டிப் போட்டால் நுரை உடனே போய்விடாது. கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா உண்டு. அது குளோரினோடு சேர்ந்து கண்ணை எரிக்கும் குளோரமைனாக மாறும்.

ஃபினைல் விஷயத்தில் நான் கறாராகவே சொல்வேன். கறுப்பு ஃபினைலில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருள்கள் குளோரினோடு சேர்ந்தால் கடும் நாற்றமடிக்கும் குளோரோஃபீனால்கள் உண்டாகும். குழந்தைகள் குளத்தில் ஒரு மூடிக்கு மேல் விழுந்தாலே முழுவதையும் வடித்துக் கழுவிவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் காப்பாற்ற மெனக்கெடுவதில் அர்த்தமில்லை. பெரிய குளத்தில் மிதக்கும் படலத்தைப் பழைய டவல்களால் ஒற்றி எடுத்துவிட்டு, குளத்தைப் பராமரிக்கும் நிறுவனத்தின் ஆளைக் கூப்பிடுங்கள். பூச்சிமருந்து, டீசல், லேபிள் இல்லாத பாட்டில் ஆகியவற்றுக்கும் அதேதான்.

படி 7: வடிக்கும் முன் யோசிக்க வேண்டியவை

குளோரின் மிகுந்த தண்ணீரைக் குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பினால் அங்கே வேலை செய்யும் பாக்டீரியா செத்துவிடும். பிறகு வாரக்கணக்கில் நாற்றம்தான். மழைநீர் வடிகாலில் விட்டால் ஏரிக்கும் கால்வாய்க்கும் போகும், மீன் சாகும். குளோரின் கிட்டத்தட்ட இல்லாமல் போய், பிஹெச்சும் சரியான நிலைக்கு வந்த பிறகே மெதுவாக வடியுங்கள். ஃபினைல், டீசல், பூச்சிமருந்து கலந்த தண்ணீரை எங்கேயும் திறந்துவிடக் கூடாது. டேங்கர் வைத்து எடுக்க வேண்டியதுதான்.

சென்னை போன்ற ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கும். அந்த நேரத்தில் பெரிய குளத்தை முழுக்கக் காலி செய்தால், கீழிருந்து நீர் தள்ளி, காலித் தொட்டி மேலெழும்பும். தரை விரிசல் விடும். பொறியாளரைக் கேட்காமல் மழைக்காலத்தில் முழுக்க வடிக்காதீர்கள்; பகுதி பகுதியாக மாற்றுங்கள்.

படி 8: மறுபடி திறப்பது

பம்ப் குறைந்தது ஒரு முழுச் சுற்று, அதாவது குளத்துத் தண்ணீரின் அளவு முழுவதும் ஒருமுறை ஃபில்டரைக் கடக்கும் நேரம், ஓடியிருக்க வேண்டும். பெரும்பாலான குளங்களுக்கு அது 4 முதல் 6 மணி நேரம். அதற்குப் பிறகு மூன்று இடத்திலும் எடுத்த மாதிரிகளில் குளோரின் 1 முதல் 3 பிபிஎம், பிஹெச் 7.2 முதல் 7.8. சில மணி நேரம் விட்டு இன்னொரு முறை அளந்தாலும் அதே எண்கள் வர வேண்டும். ஆழமான பக்கத்தின் அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். நுரை, படலம், நெடி எதுவும் இருக்கக் கூடாது. ஒன்று குறைந்தாலும் பூட்டு பூட்டாகவே இருக்கட்டும். "பிள்ளைகள் லீவில் இருக்கிறார்கள்" என்று செயலாளரை நெருக்குபவர்களிடம் அளவுப் பதிவேட்டைக் காட்டுங்கள்.

என்ன கொட்டியது, எப்போது, எவ்வளவு, என்ன செய்தோம், அளவுகள் என்ன என்பதைத் தேதியோடு எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அன்று நீந்திய குழந்தைக்கு இரவில் இருமல் வந்தால், பெற்றோர் மருத்துவரிடம் சொல்ல அந்தத் தாள் வேண்டும்.

இனி கொட்டாமல் இருக்க

கிளீனிங் வேலை குளம் மூடியிருக்கும் நேரத்தில் மட்டும் நடக்கட்டும். பாசிக்குத் தண்ணீரும் கம்பிப் பிரஷும் போதுமான இடத்தில் ரசாயனமே வேண்டாம். ஆசிட்டும் குளோரினும் ஒரே அலமாரியில், அதிலும் ஆசிட் மேலே குளோரின் கீழே என்று இருக்கவே கூடாது. பிளீச்சிங் பவுடரையும் 90 சதவீத மாத்திரையையும்கூட ஒன்றாக வைக்காதீர்கள். இரண்டும் குளோரின்தான் என்றாலும், ஒன்றோடொன்று கலந்து ஈரம் பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கும். இரண்டுக்கும் ஒரே மக்கைப் பயன்படுத்துவதும் அதே ஆபத்துதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் மக் வாங்கி, பெயரை எழுதி, அந்தந்த டின்னோடு கயிற்றில் கட்டிவிடுங்கள். ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றிக் கொண்டுவர யாரையும் அனுமதிக்காதீர்கள். கிளீனிங் செய்பவருக்கு ரப்பர் கையுறை, கண்ணாடி, பூட்ஸ் வாங்கிக் கொடுப்பது சங்கத்தின் பொறுப்பு. அவர் சொந்தக் காசில் வாங்குவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.